மணலில் எழுதியவர்களும் எழுத விடப்படாதவர்களும்

1

எங்க தாத்தா எழுதியது என்று இந்த உலகத்தில் மிச்சம் இருப்பது ஒரேயொரு கட்டைவிரல் ரேகை. ஒரு பத்திரத்தின் அடியில் நீல மசியில் அப்பிக் கிடக்கிறது. கடனுக்கு எழுதிக் கொடுக்கிறோம் என்று நினைத்து அவர் வைத்த கைநாட்டு அது. பத்திரத்தில் இருந்ததோ கிரையம். ஊரை ஒட்டி இருந்த சில குழி மனை அந்த ஒரு விரலில் போச்சு. எழுதினவன், படித்தவன், சாட்சி போட்டவன் எல்லாருமே ஊர்த்தெருக்காரர்கள். அந்தக் காகிதத்தில் தாத்தாவுக்குத் தெரிந்த ஒரே விஷயம் மசி ஈரமாக இருந்தது என்பதுதான்.

எங்கம்மா அப்படி இல்லை. அறிவொளியில் படித்தவள். கைக்குழந்தையாக இருந்த என்னை இடுப்பில் வைத்துக்கொண்டு ராத்திரி வகுப்புக்குப் போனதாகச் சொல்வாள். தன் பெயரை எழுதக் கற்றுக்கொண்டாள். அதற்குப் பிறகு ரேஷன் கடையிலோ பள்ளிக்கூடத்திலோ யாராவது மை டப்பாவை நீட்டினால், அதைத் தள்ளிவிட்டுப் பேனா கேட்பாள். எங்கள் காலனியில் அது சாதாரண விஷயமில்லை.

பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் குழுக் கடன் கொடுக்கும் கம்பெனி ஒன்றிலிருந்து ஒரு பையன் வந்தான். பெரிய கத்தையாகக் காகிதம். பென்சிலில் புள்ளி வைத்த இடத்தில் எல்லாம் அம்மா கையெழுத்துப் போட்டாள். மற்ற பெண்கள் கட்டாமல் போனால் அந்தப் பணத்துக்கும் தானே பொறுப்பு என்று அதில் எழுதியிருந்தது பிறகுதான் தெரிந்தது. மூன்று வருஷம் ஊரார் கடனை அம்மா கட்டினாள். அப்போது அவள் சொன்ன வார்த்தையை நான் மறக்கவே முடியாது: "கைநாட்டு வச்சவளுக்காவது படிச்சுக் காட்டினேன்னு ஒருத்தன் எழுதணும், சாட்சி போடணும். எனக்குத்தான் கையெழுத்துப் போடத் தெரியுமே, எவன் படிச்சுக் காட்டுவான்?"

தாத்தா ஏமாந்தது கைநாட்டாலே. அம்மா ஏமாந்தது கையெழுத்தாலே. இந்த இரண்டுக்கும் நடுவில் என்ன நடந்தது என்று பார்க்கத்தான் இதை எழுதுகிறேன். படிக்கச் சொல்லித்தருகிற கருவிகள் எல்லாக் காலத்திலும் மலிவாகத்தான் இருந்திருக்கின்றன. பல நேரம் காசே இல்லாமல் கிடைத்திருக்கின்றன. ஆனால் காசு இல்லாமல் கிடைப்பது வேறு, நமக்குக் கிடைப்பது வேறு.

2

எழுத்து கற்பதற்கு மனிதன் கண்டுபிடித்த மிக மலிவான கருவி மணல். விரலால் எழுதலாம், உள்ளங்கையால் அழிக்கலாம். தேய்வது இல்லை, தீர்வது இல்லை. நம் திண்ணைப் பள்ளிக்கூடங்களில் பிள்ளைகள் மணலைப் பரப்பி எழுதிப் பழகினார்கள். பெரிய பையன் ஒருவன் சட்டாம்பிள்ளையாக இருந்து சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தான். வாத்தியார் ஒருவரே அத்தனை பேரையும் மேய்க்க முடிந்தது இதனால்தான்.

1789ல் சென்னை எழும்பூரில் ராணுவச் சிப்பாய்களின் ஆண் பிள்ளைகளுக்காக ஓர் அநாதை விடுதி தொடங்கினார்கள். அதன் பொறுப்பில் இருந்தவர் ஆண்ட்ரு பெல் என்ற பாதிரியார். இங்கே பிள்ளைகள் தரையில் உட்கார்ந்து மணலில் எழுதுவதை அவர் பார்த்தார். அதையும் சட்டாம்பிள்ளை முறையையும் தன் விடுதியில் புகுத்தினார். ஊருக்குத் திரும்பிய பிறகு 1797ல் லண்டனில் அதைப் பற்றிப் புத்தகம் போட்டார். 'மெட்ராஸ் முறை' என்று அதற்குப் பெயர் வந்தது. ஜோசப் லங்காஸ்டர் என்பவரும் இதைப் போன்ற முறையை லண்டன் ஏழைப் பிள்ளைகளிடம் கொண்டுபோனார். 1815க்குப் பிறகு பிரான்சிலும் அது பரவியது. ஐரோப்பாவின் ஏழைகள் எழுத்துக் கற்றதில் தமிழ்நாட்டு மணலுக்கும் ஒரு பங்கு இருக்கிறது.

இந்தக் கதையைத் தமிழ் எம்.ஏ. வகுப்பில் கேட்டபோது எல்லாரும் பெருமைப்பட்டார்கள். நானும் பெருமைப்படத்தான் பார்த்தேன், முடியவில்லை. மணல் பொது. திண்ணை பொது இல்லையே! அந்தத் திண்ணை யார் வீட்டுத் திண்ணை? அது இருந்த தெருவில் எங்கள் ஆட்கள் செருப்புப் போட்டு நடக்க முடிந்ததா? லண்டன் ஏழைக்குக் கப்பலேறிப் போன வித்தை, பக்கத்துச் சேரிக்கு வர நூறு வருஷத்துக்கு மேல் ஆனது. கடலைத் தாண்டுவது சுலபம், ஊர்த்தெருவைத் தாண்டுவதுதான் கஷ்டம்.

3

புதுச்சேரிக்காரர்கள் சிலருக்கு ஒரு நம்பிக்கை உண்டு. பிரெஞ்சுக்காரன் ஆட்சியில் சாதி பார்க்கவில்லை, சுதந்திரம் சமத்துவம் சகோதரத்துவம் என்று சொன்னவனாச்சே என்பார்கள். சரி, பதிவான கதையைப் பார்ப்போம்.

ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பில் 1745ம் வருஷத்துச் சம்பவம் ஒன்று வருகிறது. இங்கேயிருந்த மாதா கோயிலுக்குள் பறையர் ஒருபக்கம், சாதிக் கிறிஸ்தவர் ஒருபக்கம் என்று பிரிப்பதற்காகச் சுவர் எழுப்பியிருந்தார்கள். நம் ஆட்கள் போய்ப் பாதிரியாரிடம் முறையிட்டார்கள். சுவர் இடிக்கப்பட்டது. சாதி கிறிஸ்தவர்கள் கொதித்தார்கள். பிரெஞ்சுப் புரட்சிக்கு 44 வருஷத்துக்கு முன்பே சமத்துவம் கேட்டவர்கள் புதுச்சேரிச் சேரிக்காரர்கள். ஆனால் அவர்கள் என்ன பேசினார்கள் என்பதை அவர்கள் எழுதவில்லை. அவர்களுக்கு எந்த அனுதாபமும் இல்லாத ஒரு துபாஷியின் மசியில்தான் அது நமக்குக் கிடைக்கிறது. எழுத்து இல்லாதவன் போராடினாலும் அடுத்தவன் குறிப்பில்தான் வாழவேண்டியிருக்கிறது.

பிறகு 19ம் நூற்றாண்டில் தெபசான் தெ ரிஷ்மோன் கவர்னராக இருந்தபோது அரசு பள்ளிக்கூடங்களைத் திறந்தது. வெள்ளையருக்கு ஒன்று, கலப்பினத்தாருக்கு ஒன்று, சாதித் தமிழருக்கு ஒன்று, பறையருக்கு ஒன்று. பள்ளிக்கூடம் வந்தது நல்லதுதான். பட்டணத்தை வெள்ளை, கறுப்பு என்று பெரிய வாய்க்கால் பிரித்த மாதிரி பாடசாலையும் பிரிந்தே வந்தது. 1827ல் பொது நூலகம் வந்தது. இன்றைக்குப் பாரதி பூங்கா பக்கம் போனால் ரோமன் ரோலன் நூலகம் என்ற பெயரில் இருக்கிறதே, அதுதான். ஆரம்பத்தில் அது ஐரோப்பியருக்கென்று இருந்தது, பிறகுதான் எல்லாருக்கும் ஆனது. நான் எம்.ஏ. படித்த காலத்தில் பாதி நாள் அங்கேதான் கிடந்தேன். காசில்லாமல் படிக்க ஒரு இடம், மின்விசிறி, குடிக்கத் தண்ணீர். எங்கம்மா என்னோடு ஒரு தடவை வந்து வாசலிலேயே நின்றுவிட்டாள். யாரும் தடுக்கவில்லை. "உள்ள வாம்மா" என்று கூப்பிட்டேன். "எனக்கு என்ன வேலை அங்க?" என்றாள். பலகையில் 'அனைவரும் வரலாம்' என்று எழுதி வைத்தால் மட்டும் போதாது, அந்தப் பலகையையே படிக்கத் தெரியாதவரை யார் கூப்பிடுவது?

புதுச்சேரியில் சொல்லவேண்டிய இன்னொரு ஆள் ரா. கனகலிங்கம். பாரதி இங்கே இருந்த காலத்தில் பூணூல் போட்டுவிட்டாரே, அந்தத் தலித் இளைஞர். பாரதியின் புரட்சிக்கு உதாரணமாக மேடைக்கு மேடை அந்தப் பூணூலைத்தான் சொல்கிறார்கள். நமக்கு முக்கியமானது பூணூல் இல்லை. பின்னாளில் அவர் பாரதியைப் பற்றித் தானே பேனா பிடித்துப் புத்தகம் எழுதினார், அதுதான் முக்கியம். 1745ல் அடுத்தவன் குறிப்பில் இருந்தோம். இருபதாம் நூற்றாண்டில் அடுத்தவரைப் பற்றி நாம் குறிப்பு எழுதினோம்.

4

அடிமைப்பட்ட மக்களுக்கு எழுத்தை யாரும் சும்மா தூக்கிக் கொடுத்துவிடவில்லை. 1855ல் புனேயில் ஜோதிராவ் புலேவும் சாவித்ரிபாயும் உழைக்கிறவர்களுக்காக இரவுப் பள்ளி நடத்தினார்கள். பகலில் வேலை செய்கிறவனுக்கு ராத்திரிதான் பள்ளிக்கூடம் என்பதைப் புரிந்துகொண்டதே பெரிய கண்டுபிடிப்பு. சென்னையில் கர்னல் ஆல்காட் 1894ல் தொடங்கிய பஞ்சமர் இலவசப் பள்ளிகளுக்குப் பின்னால் அயோத்திதாசப் பண்டிதர் இருந்தார். அந்தப் பெயரிலேயே 'இலவசம்' இருந்தது.

அதே அயோத்திதாசர் 1907ல் பத்திரிகை தொடங்கியபோது 'ஒரு பைசாத் தமிழன்' என்று பெயர் வைத்தார். விலையையே பெயராக வைத்த பத்திரிகை வேறு எத்தனை இருக்கும்? 1893ல் இரட்டைமலை சீனிவாசன் இழிசொல்லையே எடுத்துப் 'பறையன்' என்று தலைப்பாக்கினார். பண்டிதரோ கையில் இருக்கிற காசை எடுத்துத் தலைப்பாக்கினார். ஏன் இலவசமாகக் கொடுக்கவில்லை என்று நான் யோசித்திருக்கிறேன். ஒரு பைசா கொடுத்து வாங்குகிறவன் நாளைக்கு ஏன் வரவில்லை என்று கேட்பான். இலவசமாக வாங்குகிறவன் கேட்க மாட்டான், கேட்டாலும் பதில் வராது. இந்த வித்தியாசத்தைக் கடைசியில் மறுபடியும் பார்க்க வேண்டியிருக்கும்.

5

பிரேசிலில் 1963ல் ஒரு காரியம் நடந்தது. ஆங்கிக்கோஸ் என்ற ஏழை ஊரில் பாவ்லோ ஃப்ரெய்ரேயும் மாணவர்களும் சுமார் 300 உழைப்பாளிகளுக்கு 40 மணி நேரத்தில் எழுத்தறிவு கொடுக்கக் கிளம்பினார்கள். அவர்கள் கையில் இருந்த தொழில்நுட்பம் படம் காட்டும் விளக்குக் கருவி. போலந்திலிருந்து மலிவாக வரவழைத்தார்கள். சுவரில் ஒரு படம் விழும். அதைப் பற்றி எல்லாரும் பேசுவார்கள். அப்புறம்தான் சொல் வரும். அந்தச் சொல்லை 'அ, ஆ' வரிசையிலிருந்து எடுக்கவில்லை, அந்த மக்கள் வாயில் புழங்கும் சொல்லிலிருந்து எடுத்தார்கள். செங்கல் என்ற சொல் அதில் ஒன்று. செங்கல் அடுக்குகிறவனுக்கு அந்தச் சொல்லை அசை அசையாகப் பிரித்துக் காட்டினால், அந்த அசைகளை மாற்றிப்போட்டு அவனே புதுச் சொற்களைக் கட்டுவான். கட்டடம் கட்டுகிற மாதிரிதான்.

அப்போது பிரேசிலில் எழுதப் படிக்கத் தெரியாதவருக்கு ஓட்டு இல்லை. 40 மணி நேரத்தில் ஒருவன் படித்தால் ஒரு ஓட்டு பிறக்கிறது. 1964ல் ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. ஃப்ரெய்ரே சிறைக்குப் போனார், பிறகு நாடு கடந்து போனார். விளக்குக் கருவிக்காகவா அவரைப் பிடித்தார்கள்? சுவரில் விழுந்த படத்தைப் பார்த்து மக்கள் பேசத் தொடங்கினார்கள், அதற்காகத்தான்.

இந்தியாவில் தேசிய எழுத்தறிவு இயக்கம் 1988 மே மாதம் தொடங்கியது. 1990 பிப்ரவரியில் எர்ணாகுளம் முழு எழுத்தறிவு பெற்ற மாவட்டமானது. புதுச்சேரியிலும் அந்தக் காலத்திலேயே அறிவொளி இயக்கம் புறப்பட்டது. புதுவை அறிவியல் இயக்கத்தார் அதில் முன்நின்றார்கள். வீதி நாடகம், பாட்டு, ஊர்வலம். மூன்று பாடப்புத்தகம், சுமார் 200 மணி நேரம், சம்பளம் இல்லாத தொண்டர்கள். 1991ல் புதுக்கோட்டையில் கலெக்டர் ஷீலா ராணி சுங்கத் காலத்தில் நடந்ததை நாடே பேசியது. அங்கே பெண்கள் எழுத்தோடு சைக்கிளும் கற்றார்கள். கல் உடைத்த பெண்கள் குவாரிக் குத்தகையைத் தாங்களே எடுத்து நடத்தினார்கள். சைக்கிளையும் நான் எழுத்தறிவுக் கருவி என்றுதான் சொல்வேன். வகுப்புக்குப் போக, திரும்ப, யாரையும் கேட்காமல் போக.

எங்கள் காலனி வகுப்பு மாரியம்மன் கோயில் பக்கத்தில் பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில் நடந்தது. சிலேட்டு, பல்பம், ஆளுக்கு ஒரு புத்தகம். சொல்லிக்கொடுத்தது பத்தாவது ஃபெயிலான எங்க தெரு அக்கா. அம்மா ஞாபகத்தில் இருக்கிற முதல் சொல் 'படி'. "படிக்கிறதும் படி, கூலி அளக்கிறதும் படி, ஏறுறதும் படி. ஒரே எழுத்துல மூணு இருக்குன்னு அந்தப் பொண்ணு சொன்னப்ப எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துப்போச்சு" என்பாள். கூலியை எந்தப் படியால் அளந்தார்கள், அந்தப் படி சரியான படியா என்ற பேச்சு அன்றைக்கு ராத்திரி பத்து மணிவரை நடந்ததாம். ஆங்கிக்கோஸில் நடந்ததும் இதுதான்.

இன்னொன்றும் நடந்தது. ஊர்த்தெருப் பெண்களையும் காலனிப் பெண்களையும் ஒரே இடத்தில் உட்கார வைக்கலாம் என்று தொண்டர்கள் ஆசைப்பட்டு, ஊர்ப்பக்கம் ஒரு தாழ்வாரத்துக்கு வகுப்பை மாற்றினார்கள். முதல் நாள் இரண்டு பக்கமும் வந்தது. இரண்டாம் நாள் ஊர்ப்பெண்கள் பாய் கொண்டுவந்து தனியாக விரித்துக்கொண்டார்கள். ஒரு வாரத்தில் அவர்கள் வரவில்லை. அப்புறம் தாழ்வாரத்தில் வேலை இருக்கிறது என்று சொல்லி விட்டார்கள். அம்மா வகுப்பு மறுபடியும் காலனிக்கே வந்தது. வெளிச்சம் ஒன்றுதான், புத்தகம் ஒன்றுதான். பாய்தான் இரண்டு.

அந்த இயக்கத்தை நான் குறைசொல்ல வரவில்லை. சேரிப் பெண்கள் ராத்திரியில் வெளியே வந்து உட்கார்ந்து பேசியதே அதற்கு முன் நடக்காத விஷயம். ஆனால் 1991 மக்கள்தொகைக் கணக்கெடுப்பைப் பாருங்கள். நாட்டில் எழுத்தறிவு பெற்றவர் 52.21 சதவீதம், தலித்துகளில் 37.41, தலித் பெண்களில் 23.76. பின்தங்கிக் கிடந்த அந்தத் தூரத்தைக் கடக்க 200 மணி நேரமும் மூன்று புத்தகமும் எப்படிப் போதும்? இயக்கம் முடிந்தது, தொண்டர்கள் கல்யாணம் ஆகிப் போனார்கள், பெட்ரோமாக்ஸ் திரும்பிப் போனது. படித்ததைத் தொடர்ந்து படிக்க அம்மா கையில் ஒரு காகிதம் வரவில்லை. எழுத்துகள் ஒவ்வொன்றாக உதிர்ந்து பெயர் மட்டும் மிச்சம் நின்றது. கணக்கெடுப்பின்படி எழுத்தறிவு பெற்றவர் என்றால் புரிந்து படிக்கவும் எழுதவும் தெரிய வேண்டும். நடைமுறையில் கையெழுத்துப் போட்டால் போதும் என்று ஆக்கிவிட்டார்கள். அந்த இடைவெளியில்தான் கடன் கம்பெனிப் பையன் பென்சிலோடு நுழைந்தான்.

6

1998ல் புதுச்சேரிக் கிராமங்களுக்குக் கம்ப்யூட்டர் வந்தது. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் வில்லியனூரை மையமாக வைத்துத் தகவல் கிராமத் திட்டத்தைத் தொடங்கியது. உலகம் முழுக்கப் பேசப்பட்ட திட்டம். வீராம்பட்டினத்தில் கடல் அலை உயரத்தை அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்திலிருந்து எடுத்து ஒலிபெருக்கியில் படித்தார்கள். படிக்கத் தெரியாத மீனவருக்கும் சேதி போனது. நல்ல காரியம். மையம் இருக்கும் இடம் எல்லாச் சாதிக்கும் திறந்திருக்க வேண்டும் என்று அந்த நிறுவனம் நிபந்தனை வைத்தது. நிபந்தனை வைக்கவேண்டி இருந்தது என்பதை அடிக்கோடிட்டுப் படியுங்கள். ஏம்பலத்தில் மையம் கோயில் வளாகத்தில் இருந்தது. கம்ப்யூட்டரைத் தொட வேண்டுமானால் முதலில் கோயிலுக்குள் போக வேண்டும்! 200 வருஷத்துக்கு முன் திண்ணை, இப்போது கோயில். கருவி மாறிக்கொண்டே போகிறது, அதை வைக்கிற இடம் மாறமாட்டேன் என்கிறது.

இன்னொரு கண்டுபிடிப்பு எனக்கு ரொம்பப் பிடித்தது. பிரிஜ் கோத்தாரி என்பவர் 1996ல் யோசித்தது. டி.வி.யில் சினிமாப் பாட்டு ஓடும்போது அதே மொழியில் பாட்டு வரியைக் கீழே ஓடவிடுவது. பாடப்பாட அந்தந்தச் சொல்லின் நிறம் மாறும். அவ்வளவுதான். 1999ல் குஜராத்திப் பாட்டுகளில் தொடங்கி, 2002ல் தூர்தர்ஷனின் 'சித்ரஹார்' வரைக்கும் போனது. அவர் தொடங்கிய பிளானட் ரீட் அமைப்பு புதுச்சேரியிலும் இயங்கியது. இது ஏன் வேலை செய்கிறது? அரைகுறையாகப் படிக்கத் தெரிந்தவருக்குப் பாட்டு ஏற்கெனவே மனப்பாடம். அடுத்து என்ன சொல் வரும் என்று காது சொல்லிவிடுகிறது. கண் அதைப் பிடித்துக்கொள்கிறது. வகுப்பு இல்லை, வாத்தியார் இல்லை, அவமானம் இல்லை. தப்பாகப் படித்தால் சிரிக்க ஆள் இல்லை. வெள்ளிக்கிழமை 'ஒலியும் ஒளியும்' ஓடிய காலத்தில், பக்கத்து வீட்டு ஜன்னலில் எங்க காலனியே தொங்கிய காலத்தில், அம்மாவுக்கு எழுத்து உதிரத் தொடங்கியிருந்த அந்தக் காலத்தில் இது இருந்திருந்தால் என்று நினைத்துப் பார்க்கிறேன்.

7

இப்போது கைபேசிக் காலம். 2009ல் வந்த சாக்ஷர் பாரத் 2018ல் முடிந்தது. 2022லிருந்து உல்லாஸ் என்ற பெயரில் 15 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கான புதிய திட்டம். தொண்டர்களே கற்பிப்பவர்கள், பதிவதும் பாடமும் கைபேசிச் செயலியில். 1998ல் தொடங்கிய மதுரைத் திட்டம் பழைய இலக்கியங்களை எல்லாம் மின்னூலாக்கி இலவசமாகக் கொடுக்கிறது. 2015ல் பிரதம் புக்ஸ் தொடங்கிய ஸ்டோரிவீவரில் தமிழ்க் கதைகளை யாரும் எடுக்கலாம், மாற்றலாம், அச்சடிக்கலாம். பேசுவதைக் கேட்டுப் படிப்பைத் திருத்தும் செயலிகளும் வந்துவிட்டன. காசு என்று பார்த்தால் மணலுக்குப் பிறகு இவ்வளவு மலிவு இப்போதுதான்.

இரண்டு வருஷமாக எங்கள் காலனிச் சமுதாயக் கூடத்தில் சாயங்காலம் ஏழு மணிக்கு வகுப்பு நடத்துகிறோம். சித்தாள் வேலை, ஓட்டல் பாத்திரம், துப்புரவு, வீட்டு வேலை என்று போய்வரும் பெண்கள் பதினோரு பேர். அதில் அம்மாவும் ஒருத்தி.

முதல் மாதம் ஒரு செயலியை வைத்துத்தான் ஆரம்பித்தோம். எந்தச் செயலி என்பது முக்கியமில்லை. திரையில் 'பழம்' என்று வந்தது. ஒரு பெரியம்மா சரியாகப் படித்தார். ஆனால் அவர் வாயில் அது 'பயம்' என்றுதான் வரும். எங்க பக்கத்தில் எல்லாருக்கும் அப்படித்தான் வரும். செயலி சிவப்புக் கோடு போட்டது. மறுபடி 'பயம்'. மறுபடி சிவப்பு. மூன்றாவது தடவை அந்தப் பெரியம்மா போனைக் கீழே வைத்துவிட்டு, "எனக்குப் படிப்பு வராது கண்ணு" என்றார். அவர் படித்துவிட்டார்! எழுத்தைப் பார்த்துச் சொல்லைக் கண்டுபிடித்துவிட்டார். எந்திரத்துக்கு அது தெரியவில்லை. பள்ளிக்கூடத்தில் ஒரு தமிழ் வாத்தியார் இதே சொல்லுக்காக என்னை எழுப்பி நிற்கவைத்து வகுப்பையே சிரிக்கவைத்தது ஞாபகம் வந்தது. மணலுக்கு யார் பேச்சு ஒசத்தி என்று தெரியாது. இந்தக் கருவிக்கு யாரோ சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள்.

கதைகளை எடுத்துக் கொடுத்தோம். பெரும்பாலும் குழந்தைக் கதை. முயலும் ஆமையும் அறுபது வயதுப் பெண்ணுக்கு எதற்கு? மதுரைத் திட்டத்தில் சங்க இலக்கியம் இருக்கிறது, எனக்கு உதவியது, அவர்களுக்கு உதவாது. தவணைச் சீட்டைப் படிக்கச் சொல்லித்தரும் புத்தகம் எங்காவது இலவசமாகக் கிடக்கிறதா என்று நானும் தேடிப் பார்த்தேன். கிடைக்கவில்லை.

பிறகு வழியை மாற்றினோம். என்ன சொல் வேண்டும் என்று அவர்களையே கேட்டோம். வட்டி, தவணை, ஜாமீன், பட்டா, கூலி, பாக்கி என்று வந்தது. 'வட்டி'யைப் பிரித்தால் பெட்டி, தொட்டி, ரொட்டி எல்லாம் பின்னாலேயே வந்தன. தட்டில் மணல் பரப்பி எழுதினோம். அப்புறம் அவரவருக்குத் தெரிந்த தாலாட்டு, நடவுப் பாட்டு, ஒப்பாரி எல்லாவற்றையும் போனில் பதிவு செய்தோம். பிள்ளைகள் அதைக் கேட்டு, பாடினபடியே, 'பயம்' என்று பாடினால் பயம் என்றே, எழுதிக் கொடுத்தார்கள். பெரிய எழுத்தில் ஜெராக்ஸ் எடுத்தோம். இப்போது பாட்டு ஓடும், அவரவர் விரல் வரியில் ஓடும். அம்மா செத்துப்போன தன் தங்கைக்குப் பாடிய ஒப்பாரியைத் தானே காகிதத்தில் படித்தபோது யாரும் பேசவில்லை. பேச்சு எழுத்து பிடிபட்ட பிறகு, 'பழம்' என்றும் எழுதுவார்கள் என்று ஒரே நாளில் சொல்லிக்கொடுத்தோம். யாருக்கும் கஷ்டமாக இல்லை.

போனைத் தூக்கிப் போடச் சொல்லவில்லை நான். எங்களுக்கு அது பெட்ரோமாக்ஸ் மாதிரி. ஆனால் வெளிச்சத்தை யார் பிடிக்கிறார்கள், எதன் மேல் பிடிக்கிறார்கள் என்பதை நாம் தீர்மானிக்க வேண்டும். ஜெராக்ஸுக்கு ஆளுக்கு மாதம் 5 ரூபாய் வாங்குகிறோம். இலவசமாகவே கொடுக்கலாமே என்று ஒரு நண்பர் கேட்டார். பண்டிதரின் ஒரு பைசாவை நினைத்துக்கொண்டேன். போன மாதம் நான் இரண்டு நாள் வகுப்புக்கு வராமல் போனபோது, காசு கொடுத்தவர்கள் வீட்டு வாசலுக்கே வந்து சண்டை போட்டார்கள். அந்தச் சண்டைக்காகத்தான் அந்த 5 ரூபாய்.

சித்திரையில் வேறொரு கடன் கம்பெனியிலிருந்து ஒரு பையன் வந்தான். அதே மாதிரிக் கத்தை, அதே பென்சில் புள்ளி. அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முதல் பக்கத்திலிருந்து விரல் வைத்துத் தொடங்கினாள். அரைமணி நேரம் ஆச்சு, இரண்டாம் பக்கம் தாண்டவில்லை. பையன் மணி பார்த்தான், அவசரப்படுத்தினான், "நான் சொல்றேன் ஆயா" என்றான்.

"நீ இரு தம்பி. 'ஜாமீன்'னு ஒண்ணு எங்கியோ இருக்கும், அத பாத்துட்டுத் தரேன்" என்றாள் அம்மா.